இரண்டு பொட்டலம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் மீன்பிடிப் படகு செய்கிற கொட்டகை ஒன்று இருந்தது என்று சொன்னால், அங்கேயே வேலை பார்த்து ரிடையர் ஆனவர்கள்கூட என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். கடல் எங்கே, அம்பத்தூர் எங்கே என்கிறார்கள். போல்ட்டு, ஸ்பிரிங், லாரித் தகடு, மருந்து பாட்டில் என்று ஊருக்கெல்லாம் சாமான் செய்து கொடுத்த இடம், ஒரு படகு செய்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும்? தண்ணீர்த் தொட்டி வார்க்கிற அதே ஃபைபரில்தான் படகையும் வார்க்கிறார்கள். வார்த்து, தேய்த்து, லாரியில் ஏற்றிப் பாடி வழியாக அனுப்பிவிட்டால் மிச்சத்தைக் கடல் பார்த்துக்கொள்ளும்.

கொட்டகைக்கு முதலாளி பக்தவத்சலம். முதலில் தண்ணீர்த் தொட்டிதான் வார்த்துக்கொண்டிருந்தார். எண்பதுகளின் கடைசியில் கட்டுமரக்காரர்கள் ஒவ்வொருவராக ஃபைபருக்கு மாறுவதைப் பார்த்து அவரும் தொட்டியோடு படகும் வார்க்க ஆரம்பித்தார். கடலை அவர் மெரினாவில் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்து பார்த்ததோடு சரி. ஆனால் விற்கிற நேரத்தில் கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்போலப் பேசுவார். அலை இப்படி வந்தால் படகின் மூக்கு இப்படித் தூக்கும் என்று கையை வைத்துக் காட்டுவார். பார்க்கிறவன் நாற்காலியைப் பிடித்துக்கொள்வான்.

வேலையெல்லாம் குணசேகரன் தலையில். அத்திப்பட்டுப் பழைய குடியானவர்களின் பிள்ளை. அவர்கள் நிலம் எஸ்டேட்டுக்குப் போனது. அதற்காக அவன் ஒருநாளும் பெருமூச்சு விட்டதில்லை. சேற்றில் இறங்குவதென்றால் சின்ன வயசிலேயே அவனுக்கு வயிற்றுவலி வந்துவிடும். கொட்டகை வேலை அதைவிட மோசம் என்று பின்னால்தான் தெரிந்தது. கண்ணாடி இழையில் நெய்த பாயை அச்சுக்குள் விரித்து, ரெசினை ஊற்றி, உருளையால் உருட்டி உருட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கு ஏற வேண்டும். அந்த இழைத்தூள் தோலுக்குள் இறங்கினால் ராத்திரியெல்லாம் அரிக்கும். தேங்காயெண்ணெய் தடவிக் குளித்துவிட்டு வந்தால்தான் அவன் மனைவி சாமுண்டீஸ்வரி அவனைப் பிள்ளைகள் பக்கத்தில் விடுவாள். கெட்டவன் இல்லை. வாயில்லாதவன். வாயில்லாதவனை நல்லவன் என்று சொல்லிப் பழகிவிட்டோம், அதுதான் கோளாறு.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்தது, விடவில்லை. அம்பத்தூர் ஏரி நிரம்பி, எஸ்டேட் ரோட்டில் முழங்கால் தண்ணீர். அச்சில் அப்போது பெரிய படகு. சிவப்பு நிறம், உயர்ந்த மூக்கு, நாலு ஆள் தாராளமாக நின்று வலை இழுக்கலாம். கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒழுகி, அடுக்கி வைத்திருந்த பாய்க் கட்டுகள் ஈரம் குடித்துவிட்டன.

"சார், பாய் ஈரமா கீது. ரெசின் புடிக்காது. வெயில் வந்தா காயவெச்சிப் போட்டுக்கலாம்" என்றான் குணசேகரன்.

"வெயில் வரட்டும். அதுவரைக்கும் உன் ஊட்டுக்கு எவன் அரிசி வாங்கிப் போடுவான்?"

"அதுக்கில்ல சார். அடுக்கு ஒட்டாது."

"டிரம்மத் தொறந்தாச்சுடா. நாளிக்கு அது கல்லாப் பூடும். பேசிகினு நிக்காத, போடு."

போட்டான். காய்ந்தபோது உள்பக்கம் பாலை ஊற்றினமாதிரி அங்கங்கே வெள்ளை பூத்திருந்தது. ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து அடிப்பாகம் முழுக்கத் தட்டிப் பார்த்தான். நல்ல இடத்தில் ணங்கென்றது. மூக்குக்குக் கீழே, அலை வந்து மோதுகிற இடத்தில், அழுகின தேங்காயைத் தட்டினமாதிரிப் பொத்தென்றது. பக்தவத்சலம் உள்ளே சாம்பல் பெயிண்ட் இரண்டு கை அடிக்கச் சொன்னார். அதையும் அவன்தான் அடித்தான்.

தை பிறந்து நல்ல வெயில் வந்தபிறகு வெள்ளைப் படகு வார்த்தார்கள். சின்னது, ஆனால் எங்கே தட்டினாலும் கோயில் மணிதான்.

மாசியில் கஸ்தூரி தன் புருஷனையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு வந்தாள்.

கஸ்தூரி குணசேகரனுடைய ஒரே தங்கை. எஸ்டேட்டில் சட்டை தைக்கிற கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தவள், கடலில் மீன்பாடு இல்லாத ஒரு வருஷம் லாரியில் மூட்டை ஏற்ற வந்த கஜபதியோடு போய்விட்டாள். அவன் எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்துக்காரன். மீன்காரனோடு போய்விட்டாள் என்று அப்பன் அவளை வாசல் மிதிக்கவே விடவில்லை. அந்தக் கோபத்தோடேயே செத்தும் போனார். குணசேகரன் பல வருஷம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே மட்டும் அவளைத் தாம்பாளத்தில் வைத்தா தாங்கினார்கள்? வலை பிரிக்கத் தெரியாதவள், மீன் அறுக்கையில் மூக்கைச் சுளிக்கிறவள், சீர் இல்லாமல் வந்தவள் என்று மாமியார் லோகநாயகி பொழுதுக்கும் இடித்தாள். கஜபதி ஃபைபர் வாங்கப் போகிறான் என்றதும், கஸ்தூரிதான், "எங்க அண்ணன் கம்பெனியிலயே செய்றாங்க. வெளியாள்கிட்ட போயி ஏமாறணுமா?" என்று முந்திக்கொண்டு சொன்னாள். பிறந்த வீட்டை வைத்து அவள் தலைநிமிர்ந்து பேசிய முதல் பேச்சு அது.

வந்தவர்கள் தூக்கு நிறைய வவ்வால் மீன் கொண்டுவந்திருந்தார்கள். சாமுண்டீஸ்வரி மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். வைக்கும்போது முகம் நன்றாகத்தான் இருந்தது. அடுப்படிக்குள் வந்த புருஷனிடம் மட்டும், "உன் தங்கச்சி ஒக்காந்த எடமெல்லாம் கவிச்சி நாறுது" என்றாள்.

கஜபதி வாட்டசாட்டமான ஆள். சாப்பிடுவதையும் ரசித்துச் சாப்பிட்டான், பேசுவதையும் ரசித்துப் பேசினான்.

"கட்டுமரத்துல இனிமே காலம் தள்ள முடியாது மச்சான். பொழுதுக்கும் தண்ணியில குந்திகினு கால் வெரலு சந்தெல்லாம் புண்ணு. கரையோரம் இன்னா கீது? காரப்பொடி, நெத்திலி. வஞ்சிரம், பாறையெல்லாம் உள்ளாற பூட்ச்சி. நாமளும் உள்ளாற போனாத்தான் உண்டு."

"உள்ளாற போறதுக்கு நல்ல மரம் வோணும். இது பிளாஸ்டிக்கு" என்றாள் லோகநாயகி. மீனின் முள்ளை எடுத்து இலை ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டே பேசினாள். "அதுவும் கடலையே பாக்காதவங்க செஞ்சது. ஏரித் தண்ணியில ஒரு தபா உட்டுப் பாத்தாங்களோ இன்னாமோ."

"அத்த, எங்க அண்ணன் கையால செஞ்சது" என்றாள் கஸ்தூரி.

"அதாண்டி நானும் சொல்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள். குணசேகரனும் சிரித்தான். பாதிச் சோற்றில் இலையை மடித்துவிட்டான்.

காரணம், காலையில்தான் பக்தவத்சலம் அவனைக் கூப்பிட்டு விட்டிருந்தார். "உன் மாப்ள வர்றானாமே. செவப்ப தள்ளிவுடு. ஐப்பசிலேர்ந்து எடத்த அடைச்சிகினு கீது. வெள்ளைய எப்ப வோணா விக்கலாம்" என்றார்.

"சார், அது வந்து... தங்கச்சி ஊட்டுக்காரர் சார்."

"அதுக்கு? ஊரான் ஊட்டுப் புள்ள போனா பரவால்லையா? இதோ பாரு. அது நீ போட்டது. நாளிக்கு எதுனா பேச்சு வந்துச்சி, போட்டவன் சரியில்லன்னுதான் நான் சொல்லுவேன். அப்பால இந்த எஸ்டேட்ல எவனும் உன்ன கேட்டுக்குள்ள உட மாட்டான்."

நியாயமாகத்தான் பேசினார், அவருடைய நியாயத்தில்.

சாப்பாடு முடிந்து கொட்டகைக்குப் போனார்கள். கஜபதி இரண்டு படகையும் சுற்றிச் சுற்றி வந்தான். குனிந்து அடிப்பாகத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தான். தோளை வைத்துத் தள்ளிப் பார்த்தான். மூக்கை வைத்து முகர்ந்தான். மரமாக இருந்தால் அவனை ஏமாற்ற எவனாலும் முடியாது. எந்த மரம், எந்த மழையில் நனைந்தது, ஆணி எங்கே துருப்பிடித்திருக்கிறது எல்லாம் சொல்லிவிடுவான். ஃபைபர் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. வழவழவென்று இருந்தது, அவ்வளவுதான்.

"பெருசுன்னா நாலு பேரு போலாம். ரெண்டு நாள் தங்கல் போட்டு ஐஸ் வெச்சி எடுத்தாரலாம். மெசினும் பெருசு தாங்கும்" என்றான். "சின்னதுன்னா கரையில ஏத்துறதுக்கு ஆள் தேடிகினு நிக்க வாணாம். எண்ணெயும் கம்மியா குடிக்கும். காலையில போனா சாயங்காலம் ஊட்டுக்கு வந்துடணும், அதான் கொற. நீ இன்னா மச்சான் சொல்ற?"

பக்தவத்சலம் ஒரு நாற்காலியில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டும் நல்ல போட்டுதான்" என்றான் குணசேகரன். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "சின்னது கைக்கு அடக்கமா இருக்கும்" என்றான்.

"ஏன் தம்பி, பெருசுல எதுனா கொறையா?" லோகநாயகிதான் கேட்டாள். கண்ணை அவன் முகத்தைவிட்டு எடுக்கவில்லை.

நாற்காலியில் ஆடின கால் நின்றது.

"கொற இன்னா கீது. ஒண்ணியும் இல்ல."

அங்கே வாயைத் திறந்திருந்தால் ஒரு வேலை போயிருக்கும். பாடியில் வேறு வேலை கிடைத்திருக்கும், கிடைக்காமலும் போயிருக்கும். அவன் திறக்கவில்லை. எனக்கு அவன்மேல் இன்றைக்கும் ஆத்திரம் அந்த இடத்தில்தான்.

கஜபதிக்கு மனசு நிலைகொள்ளவில்லை. லோகநாயகியின் கம்மலும் கஸ்தூரியின் தாலிச் செயினும் சேட்டுக் கடைக்குப் போயிருந்தன. இதில் தவறினால் திரும்ப எழுந்திருக்க முடியாது. "ரெண்டு மனசா கீது. அம்மாகிட்ட பூ வெச்சிக் கேட்டுடலாம்" என்றான். இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், திருவேற்காட்டு அம்மன் கோயில் பக்கத்தில்தானே என்று லோகநாயகியும் சொன்னாள்.

பஸ்ஸில் போகும்போதே குணசேகரனுக்கு யோசனை வந்துவிட்டது. வாயால் சொல்லத் தைரியமில்லாதவனுக்குக் கையால் செய்ய இப்படி ஒரு வழி கிடைத்தது. பூக்கட்டிப் பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போடுவார்கள். ஏதாவது ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். எது வருகிறதோ அதுதான் உத்தரவு. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையை வைத்துவிட்டால் எது வந்தாலும் வெள்ளை. வெள்ளைப் படகு. பக்தவத்சலம் அம்மனிடம் போயா சண்டை போடுவார்?

கோயிலில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம். வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் மிதிபட்டு வாசல் முழுக்க வாடை. "பொட்டலம் நான் கட்டியாறேன் மச்சான். நீங்க வரிசையில நில்லுங்க" என்று குணசேகரன் சொன்னதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. கேட்கிறவன் கட்டக்கூடாது, மற்றவன்தான் கட்டவேண்டும். நந்தியாவட்டையும் செவ்வரளியும் வாங்கினான். செவ்வரளியைக் கோயில் சுவருக்குப் பின்னால் போட்டுவிட்டு, இரண்டு வெற்றிலையிலும் நந்தியாவட்டையை வைத்து மடித்து நூலால் சுற்றினான். சாமி குத்தம் என்று பயந்தான். நல்லதுக்குத்தானே தாயே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

கஜபதி கண்ணை மூடிக் கைகூப்பி நின்றான். உதடு அசைந்தது. வரிசையில் நின்ற ஒரு பெண்குழந்தை பொட்டலத்தை எடுத்தது. பிரித்தால் வெள்ளை.

குணசேகரனுக்கு உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

"அம்மா" என்று கஜபதி கன்னத்தில் போட்டுக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வெள்ள வந்துட்ச்சி. உத்தரவு குட்த்துட்டா. பெரிய போட்டையே எடுத்துரலாம்."

"பெருசா?" என்றான் குணசேகரன். "வெள்ள தானே வந்துது."

"ஆமா மச்சான். பெருசு எடுக்கலாமான்னு கேட்டேன். எடுக்கலாம்னா வெள்ள, வாணாம்னா செவப்பு. வெள்ள குட்த்துட்டா."

"நான்... போட்டு கலருக்கோசரம்னு நெனச்சேன்."

லோகநாயகி சிரித்தாள். "போட்டு கலருக்கு எவனாச்சும் பூ வெப்பானா? நாளிக்கு பச்ச போட்டு வந்தா பச்சப் பூவுக்கு எங்க போவ? வெள்ளன்னா செய், செவப்புன்னா செய்யாத. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து கடக்கரையில இதான்."

பிரிக்காத பொட்டலத்தைக் கஜபதி கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிரித்தால் பலிக்காது என்று குளத்தில் விட்டான். வெற்றிலை கொஞ்ச நேரம் மிதந்து மூழ்கியது.

தாயும் மகனும் தேங்காய் உடைக்கப் போனபோது குணசேகரன் தங்கையைச் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் தனியாகக் கூப்பிட்டான். எல்லாவற்றையும் சொன்னான். மழை, ஈரப் பாய், சாம்பல் பெயிண்ட், முதலாளி, இரண்டு பொட்டலம். கஸ்தூரி முகம் சுண்டிப்போய்க் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"தாங்காதா?"

"தாங்கலாம். சின்ன அலைக்கு ஒண்ணும் ஆவாது. பேயலையில மாட்டிகினா அடுக்கு பிரிஞ்சிரும். உன் ஊட்டுக்காரர்கிட்ட நீயே சொல்லிடு கஸ்தூரி."

"நான் சொல்லணுமா?" அவள் குரல் எழும்பவில்லை, எழும்பாததுதான் கேட்கச் சங்கடமாக இருந்தது. "நான் இன்னான்னு சொல்லுவேன்? எங்க அண்ணன் ஓட்டப் போட்டு செஞ்சி வெச்சிகினு, சாமி முன்னாடி திருட்டுப் பூ வெச்சான்னு சொல்லவா? அந்தக் கெய்வி என்னிய இந்தக் கோயில் வாசல்லயே செருப்பால அடிக்கும். ஓடி வந்தவன்னு இத்தினி வருசம் கேட்டேன். இனிமே திருட்டுக் குடும்பம்னும் கேக்கணுமா?"

"உசுரு விசயம்மா."

"அப்ப காலைலயே ஏண்ணே சொல்லல? சோறு துன்னும்போது சொல்லியிருக்கலாம். அங்க கொட்டாயில கெய்வி உன் மூஞ்சப் பாத்துக் கேட்டுதே, கொற கீதான்னு, அப்ப சொல்லியிருக்கலாம். உன் வேலையும் போவக்கூடாது, பேரும் கெடக்கூடாது. நான் மட்டும் போயி ஒத வாங்கணும்."

அவன் வரிசை தப்பிக் கிடந்த ஒரு செருப்பைக் காலால் நேராக்கினான்.

"நீ சின்ன வயசிலேர்ந்தே எல்லாத்துக்கும் பயப்படுவ" என்றாள். அவனுக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. "ஒரு மொதலாளி போவாத போட்ட விப்பானா? அம்மா பாத்துக்குவா. நீ யார்கிட்டயும் வாயத் தொறக்காத."

கஜபதி தேங்காய் மூடியோடு வந்தான். "இன்னா அண்ணனும் தங்கச்சியும் ரகசியம் பேசிகினு கீறீங்க?" என்றான்.

"பொறந்தூட்டு விசயம்" என்றாள் கஸ்தூரி, சிரித்துக்கொண்டு.

சிவப்புப் படகு லாரி ஏறியது. ரோட்டு மரக் கிளைகளில் மாட்டாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று பக்தவத்சலம் குணசேகரனையே மேலே ஏற்றி அனுப்பினார். பாடிச் சந்திப்பில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் லாரிமேல் வருகிற படகையும் அதற்குள் நிற்கிற மனுஷனையும் பார்த்துக் கைதட்டினார்கள். அவன் கிளைகளைத் தள்ளிவிட்டுக்கொண்டு நின்றான்.

குப்பத்தில் மேளம். படகுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. லோகநாயகி வருகிறவர்களிடமெல்லாம், "எம் மருமவ பொறந்தூட்டு கம்பெனி போட்டு. தோ, மேல நிக்கிறாரே, அவுரு கையால செஞ்சது" என்றாள். கஸ்தூரியை முதல் ஆளாகக் கூப்பிட்டுக் கற்பூரம் காட்டச் சொன்னாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு அந்தக் கடற்கரையில் கிடைக்காத மரியாதை ஒரே நாளில் கிடைத்துவிட்டது. தட்டைப் பிடித்த கை கொஞ்சம்கூட ஆடவில்லை என்று குணசேகரன் பார்த்தான்.

படகு ஓடியது. அதுதான் கொடுமை. பங்குனி, சித்திரை, வைகாசி என்று நன்றாகவே ஓடியது. வஞ்சிரமும் பாறையும் கிடைத்தன. லோகநாயகியின் கம்மல் காதுக்குத் திரும்பியது. கஸ்தூரி பிறந்த வீட்டுக்கு வரும்போது பெரிய மீனாகக் கொண்டுவந்தாள். சாமுண்டீஸ்வரிக்குக் கவிச்சி நாற்றம் மறந்துபோனது. அண்ணனும் தங்கையும் தனியாக இருக்க நேர்ந்தால் இருவரில் ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். தனக்குத்தான் ஃபைபரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லையோ என்று குணசேகரனுக்குக்கூடத் தோன்ற ஆரம்பித்தது. அப்படித் தோன்றிய நாட்களில் நன்றாகத் தூங்கினான்.

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழும்பியது. ஒருநாள் உள்ளே தங்கல் போயிருந்தபோது கடல் திரும்பிவிட்டது. கரைக்கு வந்து சேர்ந்த மூன்று பேரும் எண்ணெய்க் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்து வந்தவர்கள். அவர்கள் சொன்னது இதுதான்: மூக்கு இரண்டு அலையில் தூக்கி அடித்தது, மூன்றாவதில் முன்பக்கம் ஏடு ஏடாக உரிந்துவிட்டது. கஜபதி மெஷினைக் காப்பாற்றுகிறேன் என்று கடைசிவரை பின்னால் நின்றிருக்கிறான். பிரேதம் பழவேற்காடு தாண்டிக் கரை ஒதுங்கியது. மீன் தின்ற மிச்சம். இடுப்புக் கயிற்றை வைத்துத்தான் லோகநாயகி அடையாளம் சொன்னாள்.

முழுகிக் கிடந்த ஏதோ கப்பல் இரும்பில் மோதியிருக்கும் என்று குப்பத்தில் பேசிக்கொண்டார்கள். இல்லையென்றால் புதுப் படகு எப்படி உரியும்? நாலு பேர் பேசினதும் அதுவே நிஜமாகிவிட்டது. பக்தவத்சலம் செய்தி கேட்டு, "கடல்னா அப்படித்தான்" என்றார். மாலை வாங்க ஆளனுப்பினார். மறுநாள் தொட்டி ஒன்றை அவசரமாக முடிக்க வேண்டியிருந்தது. குணசேகரனுக்கு அரைநாள்தான் லீவு கொடுத்தார்.

காரியத்தன்று பிறந்த வீட்டிலிருந்து தாலி இழந்தவளுக்குக் கோடிப் புடவை போடவேண்டும். அப்பன் இல்லாவிட்டால் அண்ணன்தான் போடவேண்டும். சாமுண்டீஸ்வரி நல்ல புடவையாகவே எடுத்தாள். "பாவம்ங்க, பொறந்தூட்டுல இருந்து அது வாங்கிக்கிற மொத பொடவ இதான்" என்று சொல்லி வழியெல்லாம் ரயிலில் அழுதுகொண்டு வந்தாள். ஓடிப்போனவளுக்குக் கல்யாணப் புடவை எடுத்துக் கொடுக்கவில்லை, சீமந்தத்துக்கும் போகவில்லை. அவள் சொன்னது உண்மைதான்.

கஸ்தூரியை மணலில் பலகை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். பூவெல்லாம் பிய்த்தாகிவிட்டது. வளையல் உடைத்ததில் மணிக்கட்டில் கீறல். அவளுடைய ஆறு வயசுப் பையன் யாரோ ஒருத்தியின் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தான். சுற்றிப் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள்.

"பொறந்தூட்டுக் கோடி போடுங்க" என்று ஒரு கிழவர் சொன்னார்.

குணசேகரன் குனிந்து, புடவையைப் பிரித்துத் தங்கையின் தலைமேல் போட்டான். அது இருவரையும் ஒரு கணம் மூடியது. அந்த மறைவில் அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, காதோரமாகப் பேசினாள். அழுகை இல்லாத குரல்.

"அண்ணே, நீ அன்னிக்கு என்கிட்ட சொன்னத நான் யாருக்கும் சொல்லல. நீயும் சொல்லிடாத. எனக்கு முன்கூட்டியே தெரியும்னு தெரிஞ்சா புள்ளைய என்கிட்ட உட மாட்டாங்க."

அவன் தலையை ஆட்டினான்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் சட்டையை விட்டாள். அவன் நிமிர்ந்தான். திருவேற்காட்டிலிருந்து வந்த நாள் முதலாக எப்போது தெரியவருமோ, யார் வந்து சட்டையைப் பிடிப்பார்களோ என்று நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்தது ஒரே நொடியில் போய்விட்டது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அவனுக்கு வந்தது நிம்மதி. தங்கை புருஷன் காரியத்தில், தங்கைக்குக் கோடி போட்ட கையோடு, இப்படி ஒரு நிம்மதி வந்ததை நினைத்ததும் அவனுக்கு அடக்க முடியாமல் அழுகை பொங்கியது. மணலில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

லோகநாயகி எழுந்து வந்து அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அழுவாத நைனா" என்றாள். "ஒன்ன மாதிரி ஒரு அண்ணன் எவளுக்குக் கெடைப்பான்? நீ சின்னத எடுன்னுதான் சொன்ன. நாங்கதான் கேக்கல."